மெசேஜ் அழிஞ்சிட்டா? அறிகுறி பார்த்து வழி தேடுங்கள்

பாளையங்கோட்டையில் சர்வீஸ் கவுண்டருக்கு வந்து, எஸ்எம்எஸ் அழிந்துவிட்டது என்று போனை நீட்டுபவர்களிடம் நான் முதலில் கேட்பது, எந்த மெசேஜ், எதற்கு வேண்டும் என்றுதான். பலருக்கு இது எரிச்சலாக இருக்கும். "எடுத்துத் தர முடியுமா முடியாதா, அதைச் சொல்லுங்க அண்ணாச்சி" என்பார்கள். ஆனால் வேலையில் பாதி அந்தக் கேள்வியிலேயே முடிந்துவிடும். அழிந்ததாக நினைக்கிற மெசேஜ் பெரும்பாலும் அழிந்திருக்காது, வேறு பெட்டிக்குள் போயிருக்கும். நிஜமாகவே அழிந்திருந்தாலும், அதில் இருந்த நம்பரோ தொகையோ அனுப்பியவரின் கணக்கில் இருக்கும். இரண்டுமே இல்லாமல் போனுக்குள் தோண்டி எடுத்தால்தான் உண்டு என்ற நிலை அபூர்வம். அப்படி வந்தால் சர்வீஸ் கடையால் ஆகக்கூடியது மிகக் குறைவு.

தேட ஆரம்பிக்கும் முன் வைஃபையையும் மொபைல் டேட்டாவையும் அணைத்துவிடுங்கள். ஆண்ட்ராய்டு போன் சும்மா கிடக்கும்போது, சார்ஜில் இருக்கும்போது, வைஃபையில் தானாக கூகுள் கணக்குக்கு பேக்கப் எடுக்கும். அழித்த பிறகு புதிய பேக்கப் போனால், அந்த மெசேஜ் இருந்த பழைய பேக்கப் மேல் அது ஏறிவிடும். தேடி முடிக்கும் வரை புது ஆப் எதையும் ஏற்ற வேண்டாம். ரீசெட் பட்டன் பக்கமே கை போகக் கூடாது.

"ஒரு ஆளோட மெசேஜ் மட்டும் காணல"

மற்றதெல்லாம் இருந்து ஒரே ஒரு பேச்சு மட்டும் காணோம் என்றால், அது ஆர்க்கைவுக்குள், அதாவது அழிக்காமல் ஒதுக்கி வைக்கும் பெட்டிக்குள், போயிருக்க வாய்ப்பு அதிகம். கூகுள் மெசேஜஸ் ஆப்பில் ஒரு பேச்சை விரலால் பக்கவாட்டில் தள்ளினாலே அது ஆர்க்கைவ் ஆகிவிடும். பஸ்ஸில் ஒரு கையில் பிடித்துக்கொண்டு பார்க்கும்போதும், பிள்ளைகள் கையில் போன் இருக்கும்போதும் இது சாதாரணமாக நடக்கும். மேலே வலது ஓரத்தில் இருக்கும் உங்கள் படத்தைத் தொட்டால் 'ஆர்க்கைவ்டு' என்று ஒரு வரி வரும். அதே பட்டியலில் 'ஸ்பாம் அண்ட் பிளாக்டு' என்றும் இருக்கும். இரண்டையும் திறந்து பாருங்கள். பேங்க் மெசேஜையும் கூரியர் மெசேஜையும் கூகுள் சில நேரம் ஸ்பாமில் தள்ளிவிடுகிறது. பழைய வெர்ஷனில் இவை மூன்று புள்ளிக்குள் இருக்கும்.

சாம்சங் போனில் அவர்களுடைய சொந்த மெசேஜ் ஆப் இருந்தால், மூன்று புள்ளியைத் தொட்டு ரீசைக்கிள் பின்னைத் திறங்கள். அழித்தது 30 நாள் அங்கே கிடக்கும். நீண்ட நேரம் அழுத்தி ரீஸ்டோர் கொடுத்தால் திரும்ப வந்துவிடும். ஐபோனில் ஐஓஎஸ் 16 முதல் 'ரீசன்ட்லி டெலீட்டட்' உண்டு. மெசேஜ் பட்டியலின் மேலே உள்ள எடிட் அல்லது ஃபில்டர்ஸ் வழியாகப் போகலாம். அங்கேயும் கணக்கு 30 நாள், சில நேரம் 40 வரை இழுக்கும். மாப்பிள்ளையோ மகனோ துபாயிலிருந்து வாங்கி வந்த ஐபோனை வைத்திருக்கிற மேலப்பாளையம், ஏர்வாடி வீடுகளில் இந்தப் பெட்டி இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை. தெரியாத எண்ணிலிருந்து வரும் மெசேஜை ஐபோன் தனிப் பட்டியலில் ஒதுக்கி வைக்கும். அதையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

தேடல் பெட்டியில் ஆள் பெயரைப் போட்டுத் தேடுவதைவிட, மெசேஜுக்குள் கட்டாயம் இருந்திருக்கும் ஒரு சொல்லைப் போட்டுத் தேடுவது நல்லது. தொகையோ கணக்கு எண்ணின் கடைசி நாலு இலக்கமோ போதும். பேங்க், அரசு அலுவலகம் போன்றவை ஒரு பெயரில்தான் அனுப்பும், பத்து இலக்க எண்ணில் அனுப்பாது. 2025-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவந்த விதிப்படி அந்தப் பெயரின் கடைசியில் ஒரு எழுத்தும் சேர்ந்தது: விளம்பரத்துக்கு பி, சேவைக்கு எஸ், பரிவர்த்தனைக்கு டி, அரசுக்கு ஜி. முன்பு வந்த மெசேஜும் இப்போது வருவதும் வேறு வேறு பேச்சாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். பழையது அழிந்திருக்காது, கீழே வேறு பெயரில் இருக்கும்.

"ஓடிபி மட்டும் மறுநாள் இருக்க மாட்டேங்குது"

போன் கெட்டுப்போகவில்லை. கூகுள் மெசேஜஸ் செட்டிங்ஸில் ஓடிபியை 24 மணி நேரம் கழித்துத் தானாக அழிக்க ஒரு பட்டன் இருக்கிறது. ஆப் எப்போதோ கேட்டபோது ஓகே கொடுத்திருப்பீர்கள். அதை அணைத்துவிடலாம், ஆனால் நான் அணைக்கச் சொல்ல மாட்டேன். காலாவதியான ஓடிபி போனில் கிடப்பதால் யாருக்கும் பயன் இல்லை. கேஸ் சிலிண்டர் டெலிவரிக்கு வரும் எண் மட்டும் விதிவிலக்கு, ஏனென்றால் சிலிண்டர் வந்து சேர நாளாகலாம். அது காணோம் என்றால் ஏஜென்சியிலோ சிலிண்டர் கொண்டு வருபவரிடமோ மறுபடி அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

"பழசு எல்லாம் போயிட்டு, புதுசு மட்டும் இருக்கு"

சாம்சங்கில் 'டெலீட் ஓல்டு மெசேஜஸ்' ஆனில் இருந்தால், ஒரு பேச்சில் 1000 மெசேஜைத் தாண்டியதும் பழையது தானாகக் கழியும். ஐபோனில் 'கீப் மெசேஜஸ்' என்ற இடத்தில் 30 நாள் அல்லது 1 வருஷம் என்று இருந்தால் அதே கதைதான். இப்படித் தானாகக் கழிந்தது திரும்ப வராது. இனிமேல் போகாமல் இருக்க, சாம்சங்கில் அதை அணைத்துவிடுங்கள், ஐபோனில் 'ஃபார்எவர்' என்று மாற்றி வையுங்கள்.

"மொத்தமும் காலி. ஒண்ணுமே இல்ல"

இதைக் கேட்டதும் பதற வேண்டாம். ஒரே நேரத்தில் எல்லா மெசேஜும் மறைந்தால், ஆப்தான் மாறியிருக்க வாய்ப்பு. ட்ரூகாலர் போன்ற ஒரு ஆப் 'என்னை டீஃபால்ட் ஆக்கு' என்று கேட்டு, யாரோ சரி கொடுத்திருப்பார்கள். அல்லது ஏதோ ஒரு அப்டேட்டில் எஸ்எம்எஸ் பெர்மிஷன் கழன்றிருக்கும். செட்டிங்ஸில் ஆப்ஸ், அதில் டீஃபால்ட் ஆப்ஸ், அதில் எஸ்எம்எஸ் ஆப் என்று போய், முன்பு பயன்படுத்தியதையே மறுபடி தேர்ந்தெடுங்கள். பிறகு கொஞ்ச நேரம் அப்படியே விடுங்கள். மெசேஜ்கள் ஆப்புக்குள் இருப்பதில்லை, போனில் பொதுவான ஒரு தொகுப்பில் இருக்கின்றன. ஆப் அதை மறுபடி படித்துக் காட்டச் சற்று நேரம் எடுக்கும்.

ஆப்பின் கேஷை, அதாவது அது தற்காலிகமாகச் சேர்த்து வைத்திருப்பதை, அழிப்பதில் ஆபத்து இல்லை. ஆனால் ஆப் பட்டியலில் சிஸ்டம் ஆப்களைக் காட்டச் சொன்னால் 'போன் அண்ட் மெசேஜிங் ஸ்டோரேஜ்' என்று ஒன்று வரும். நான் சொன்ன அந்தப் பொதுத் தொகுப்பு அதுதான். அதில் 'கிளியர் டேட்டா' கொடுத்தால் எல்லா எஸ்எம்எஸ்ஸும் ஒரே அடியாகப் போய்விடும். மெசேஜ் வரவில்லை என்ற புகாருக்கு இதை அழிக்கச் சொல்லும் வீடியோக்கள் சுற்றுகின்றன. யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

"புதுப் போனுக்கு வந்தேன், பழைய மெசேஜ் வரல"

சிம்மை மாற்றிப் போட்டால் மெசேஜும் கூட வரும் என்று இன்னும் நம்புகிறார்கள். ஸ்மார்ட்போனில் மெசேஜ் சிம்மில் சேர்வதில்லை. பழைய போன் கையில் இருந்தால் வேலை சுலபம். 'எஸ்எம்எஸ் பேக்கப் அண்ட் ரீஸ்டோர்' என்ற ஆப்பைப் பழைய போனில் போட்டு, எல்லா மெசேஜையும் ஒரு கோப்பாக எடுத்து, புதுப் போனுக்கு அனுப்பி, அங்கே அதே ஆப்பில் திறக்க வேண்டியதுதான். இதற்காகப் புதுப் போனை ரீசெட் செய்ய வேண்டியதில்லை.

பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டீர்கள் என்றால், கூகுள் டிரைவில் பேக்கப்ஸ் என்ற பகுதியைப் பாருங்கள். பழைய போன் பெயரில் ஒன்று இருக்கிறதா, அதில் எஸ்எம்எஸ் என்று எழுதியிருக்கிறதா, கடைசித் தேதி என்ன என்று கவனியுங்கள். அந்தப் போன் 57 நாள் பயன்பாட்டில் இல்லாமல் இருந்தால் கூகுள் அந்த பேக்கப்பை நீக்கிவிடலாம். அது இன்னும் இருந்தால்கூட, புதிதாகவோ ரீசெட் செய்தோ போனை முதல்முறை அமைக்கும்போதுதான் அதை இறக்க முடியும். அதனால் புதுப் போனில் இப்போது இருப்பதையெல்லாம் முதலில் தனியே எடுத்து வைத்துக்கொண்டு பிறகு செய்யுங்கள்.

"நாந்தான் அழிச்சேன். ரீசைக்கிள் பின்லயும் இல்ல"

இதுதான் கஷ்டமான கேஸ். இங்கேதான் காசும் பறிபோகிறது.

மெசேஜ் எல்லாம் எஸ்கியூலைட் என்ற வகைத் தரவுக் கோப்பு ஒன்றில் வரிவரியாக இருக்கும். டெலீட் கொடுத்ததும் அந்த வரி அப்படியே துடைக்கப்பட வேண்டும் என்பதில்லை. ஜங்ஷனில் பஸ் சீட்டில் போட்டிருந்த துண்டை எடுத்த மாதிரி, இந்த இடத்தில் இனி யார் வேண்டுமானாலும் உட்காரலாம் என்று குறித்து வைக்கப்படும். அடுத்த மெசேஜ் வந்து உட்காரும் வரை பழைய எழுத்து அங்கே கிடக்கலாம். பழைய போன்களில் மெசேஜை மீட்டது இந்த இடைவெளியை வைத்துத்தான்.

இப்போது அது நடக்காததற்கு இரண்டு தடை உண்டு. அந்தக் கோப்பு இருக்கும் இடத்தைத் திறக்க ரூட் அனுமதி, அதாவது போனின் முழுக் கட்டுப்பாடு, வேண்டும். ரூட் செய்ய, போனை இயக்கித் தொடங்கும் நிரலான பூட்லோடரைத் திறக்க வேண்டும். பூட்லோடரைத் திறந்தால் போன் தன்னிடம் இருப்பதையெல்லாம் முதலில் அழித்துவிட்டுத்தான் திறக்கும். ஒரு மெசேஜைத் தேடிப் போய் மொத்தத்தையும் இழப்பதுதான் மிச்சம். இரண்டாவது தடை என்கிரிப்ஷன், அதாவது தரவைப் பூட்டிக் குறியீடாக வைப்பது. ஆண்ட்ராய்டு 10-உடன் வெளியான போன்களிலிருந்து இது கட்டாயம். மெமரி சிப்பையே கழற்றி வேறு கருவியில் வைத்துப் படித்தாலும் அர்த்தமற்ற எழுத்துதான் கிடைக்கும்.

ஆகவே 'ரூட் வேண்டாம், ஒரே கிளிக்கில் மீட்கலாம்' என்று விளம்பரம் செய்யும் கம்ப்யூட்டர் மென்பொருளை நம்பாதீர்கள். போனில் இப்போதும் இருக்கிற மெசேஜையே படித்துக் காட்டி, 'மீதியைப் பார்க்கப் பணம் கட்டு' என்று கேட்பதுதான் அவற்றில் பலவற்றின் வித்தை. ப்ளே ஸ்டோருக்கு வெளியே இருந்து, வாட்ஸப்பில் வரும் ரெக்கவரி ஆப்கள் அதைவிட மோசம். மெசேஜ் படிக்கும் அனுமதியைக் கொடுத்த நிமிஷத்திலிருந்து உங்கள் ஓடிபி எல்லாம் அந்த ஆப்பைச் செய்தவனுக்குப் போகும். கொடுத்துவிட்டு இப்போது சந்தேகம் வந்தால், நெட்டை அணைத்து, ஆப்பை நீக்கி, பேங்குக்குச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐக் கூப்பிடுங்கள்.

நிஜமாகவே பலன் தரக்கூடிய வழிகள் சில உண்டு. மெசேஜ் வந்து ஒரு நாள் ஆகவில்லை என்றால் நோட்டிஃபிகேஷன் ஹிஸ்டரியைப் பாருங்கள். ஆண்ட்ராய்டு 11 முதல் இருக்கிறது, 24 மணி நேரத்துக்குள் வந்ததைக் காட்டும். ஆனால் அது முன்பே ஆனில் இருந்திருக்க வேண்டும். அடுத்து பேக்கப் தேதி. செட்டிங்ஸில் கூகுள், பேக்கப் என்று போனால் கடைசியாக எப்போது எடுத்தது என்று தெரியும். அந்தத் தேதி, மெசேஜ் வந்ததற்குப் பிறகும் அழித்ததற்கு முன்பும் இருந்தால் மட்டும் ரீசெட் செய்து மீட்பதில் பயன் உண்டு. வேறு எந்தத் தேதியானாலும் வீண் வேலை. சாம்சங்காரர்கள் அந்தக் கம்பெனியின் பேக்கப் மென்பொருளான ஸ்மார்ட் ஸ்விட்சில் எப்போதாவது கம்ப்யூட்டரில் எடுத்து வைத்தார்களா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். ஐபோன்காரர்கள் ஐகிளவுட் மெசேஜஸ் ஆனில் இருந்தால் ஐபேடில் தேடிப் பயனில்லை, ஒன்றில் அழித்தால் மற்றதிலும் அழிந்துவிடும். கம்ப்யூட்டரில் பழைய பேக்கப் இருந்தால் அதுதான் வழி.

எல்லாரும் மறந்துவிடும் ஒரு வழி இருக்கிறது. மெசேஜ் ஆளிடமிருந்து வந்தது என்றால், அனுப்பிய ஆளின் போனில் அது இன்னும் இருக்கலாம். ஒரு போன் போட்டு, "மைனி, அன்னைக்கு அனுப்புனதைத் திருப்பி அனுப்புங்க" என்று கேட்டால் வேலை முடிந்தது. கேட்க முடியாத ஆள் என்றால் அது வேறு பிரச்சினை.

கம்பெனியில் கேட்டால் கிடைக்குமா என்பார்கள். சிம் கம்பெனி மெசேஜின் உள்ளடக்கத்தைச் சேர்த்து வைப்பதில்லை, உங்கள் போனுக்குக் கொண்டுவந்து சேர்ப்பதோடு அவர்கள் வேலை முடிந்தது. யாரிடமிருந்து யாருக்கு எப்போது என்ற பதிவை மட்டும் வைத்திருப்பார்கள். 2021 டிசம்பரில் வந்த உரிம மாற்றத்தின்படி அதைக் குறைந்தது 2 வருஷம் வைத்திருக்க வேண்டும். அதையும் போலீஸோ கோர்ட்டோ கேட்டால்தான் தருவார்கள்.

"மெசேஜ் போனா பணம் போயிடுமா?"

இந்தப் பயம் உண்மையான பயம். மகளிர் உரிமைத் தொகை 1000 ரூபாய் வந்த மெசேஜை அழித்துவிட்டு, இனிமேல் பணம் வராதோ என்று கலங்கும் பெரியம்மைகள் இருக்கிறார்கள். மெசேஜ் வெறும் தகவல்தான். பணம் கணக்கில் இருக்கிறது, பாஸ்புக்கில் என்ட்ரி போட்டால் தேதியோடு வரும். சொல்லப்போனால் மெசேஜை நம்பிப் பொருளைக் கொடுப்பதுதான் தப்பு. 'பணம் வரவு' என்று பொய் மெசேஜ் அனுப்பி ஏமாற்றுவது நயினார்குளம் மார்க்கெட்டிலும் நடக்கும், நாங்குநேரி பெட்டிக்கடையிலும் நடக்கும்.

யூபிஐ பணம் என்றால் அனுப்பிய ஆப்பின் ஹிஸ்டரியில் 12 இலக்க எண் இருக்கும். புகார் கொடுக்க அது போதும். பீடி சுற்றும் முக்கூடல், ஆலங்குளம் பக்கத்துப் பெண்கள் பிஎஃப் மெசேஜ் போய்விட்டது என்று வருவார்கள். பிஎஃப் உறுப்பினர் எண்ணான யூஏஎன் நடப்பில் இருந்து அதோடு சேர்ந்த நம்பரிலிருந்தே 9966044425-க்கு மிஸ்டு கால் கொடுத்தால் இருப்பு விவரம் புதிதாக மெசேஜாக வரும், காசு கிடையாது. ரயில் டிக்கெட் ஆன்லைனில் எடுத்தது என்றால், எடுத்த கணக்கின் 'மை புக்கிங்ஸ்' பகுதியில் 10 இலக்க பிஎன்ஆர் இருக்கும். ஆதாருக்குப் பதிந்த எண்ணைத் தொலைத்தால் 1947-ஐக் கூப்பிடலாம். மையத்தில் கொடுத்த சீட்டிலும் அது அச்சாகியிருக்கும். பட்டா மாறுதலுக்கு மனுப் போட்ட எண் இ-சேவை மைய ரசீதில் இருக்கும், ரசீதும் இல்லை என்றால் போட்ட மையத்திலேயே போய்க் கேளுங்கள். ஈபி பில்லுக்கு மெசேஜே வேண்டாம், இணைப்பு எண் இருந்தால் எப்போதும் பார்க்கலாம். 'இன்று இரவு கரன்ட் கட்' என்று யாரோ ஒரு பத்து இலக்க எண்ணிலிருந்து வந்ததை அழித்துவிட்டீர்கள் என்றால், நல்ல காரியம் செய்தீர்கள்.

"மிரட்டி அனுப்பினான், அதை அழிச்சிட்டேன்"

இதில் கடையில் யாரையும் கை வைக்க விடாதீர்கள். போனை அணைத்துவிட்டு, பெட்டி இருந்தால் அதோடு, உங்கள் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்குக் கொண்டு போங்கள். ஆட்களையும் கருவியையும் வைத்து முயற்சி செய்ய அதிகாரம் உள்ளவர்கள் அவர்கள்தான். மின்னணுப் பதிவைக் கோர்ட்டில் வைக்க, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் வேண்டும். முன்பு 65பி என்று வக்கீல்கள் சொன்னது இப்போது அந்தப் பிரிவில் இருக்கிறது. நடுவில் யாரோ ரெக்கவரி என்று போனைக் குடைந்திருந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் முதலில் பிடிப்பார். போனை அணைப்பதற்கு முன்பே மிச்சமிருக்கும் மெசேஜ்களை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், ஆனால் மூலத்தையும் போனிலேயே விட்டு வையுங்கள்.

பட்டன் போன்

மெசேஜ் போனில் இருக்கிறதா சிம்மில் இருக்கிறதா என்று மெசேஜ் செட்டிங்ஸில் பாருங்கள். சிம்மில் இருந்தால், பழைய முறைப்படி அழித்தபோது அந்தப் பதிவின் முதல் பைட் மட்டும் 'காலி' என்று மாறி, மீதி எழுத்து அப்படியே இருக்க வாய்ப்பு உண்டு. சிம் கார்டு ரீடர் வைத்திருப்பவர் படித்துப் பார்க்கலாம். மொத்தத்தையும் துடைத்துவிடும் போன்களும் உண்டு, அதனால் கிடைத்தால் அதிர்ஷ்டம். சிம்மில் இடமே சில பத்து மெசேஜ்தான், புதிது வந்தால் அந்த இடத்தில் ஏறிக்கொள்ளும். பார்க்கும் வரை அந்த சிம்மை வேறு போனில் போடாதீர்கள்.

வாட்ஸப்பையும் மெசேஜ் என்பவர்களுக்கு

அது தனிக் கதை. செட்டிங்ஸில் சாட் பேக்கப் தேதியைப் பாருங்கள். இங்கேயும் அதே விதி, தேதி அழித்ததற்கு முன்பு இருக்க வேண்டும். ஆப்பை நீக்கி மறுபடி ஏற்றும்போது ரீஸ்டோர் கேட்கும். பேக்கப்புக்குப் பிறகு வந்த பேச்சுகள் போய்விடும் என்பதை ஏற்றுக்கொண்டு செய்யுங்கள். பொதுவாக இரவு 2 மணிக்கு எடுக்கும், அதனால் காலையில் அழித்ததை அன்றைக்கே கவனித்தால் வாய்ப்பு அதிகம்.

"போனே ஆன் ஆகல"

2023 டிசம்பர் 17, 18-இல் தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது தண்ணீரில் ஊறிய போன்களில் இதைத்தான் பார்த்தோம். மெசேஜ் அழிந்திருக்காது, அதைக் காட்டப் போன் உயிரோடு இல்லை, அவ்வளவுதான். உயிர் இருக்கிறதா என்று அடிக்கடி பவர் பட்டனை அழுத்தாதீர்கள், சார்ஜும் போடாதீர்கள், அரிசிக்குள் புதைப்பதாலும் பெரிய பலன் இல்லை. ஈரத்தோடேயே கொண்டு வந்தால், கழற்றிச் சுத்தம் செய்து, ஒரு தடவை ஆன் ஆக வைக்க முயற்சி செய்யலாம். என்கிரிப்ஷன் இருப்பதால் சிப்பை மட்டும் எடுத்துப் பயனில்லை, அதே போர்டு உயிரோடு எழுந்து உங்கள் பின் நம்பரை வாங்கியாக வேண்டும். டிஸ்பிளே மட்டும் போயிருந்தால் கவலையே இல்லை, வேறு டிஸ்பிளே போட்டால் எல்லாம் அப்படியே இருக்கும். கடையில் கொடுக்கும்போது 'டேட்டா வேண்டும், ரீசெட் செய்யக் கூடாது' என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். திரும்ப ஆன் ஆனதும் முதலில் எஸ்எம்எஸ் கோப்பை எடுத்துவிட்டுத்தான் மற்ற வேலை. தண்ணீர் பட்ட போர்டு அடுத்து எப்போது படுக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.